சம்பந்தியம்மாள் கொடுத்த பாகற்காய்ச் சாறு

போன மாதம் எங்கள் பழைய வார்டிலிருந்து பாத்திமா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுகிற சமயத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஊசியைப் பிடித்தால் கை நடுங்குகிறது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற பெண். இன்று அந்த வார்டுக்கே அவள்தான் பொறுப்பு. குரலில் ஒரே உற்சாகம்.

"எக்கா, நம்ம வார்டுக்குப் புது வைத்தியம் வந்திருக்கு. முத்திப்போன கேன்சருக்குக் கீமோவைக் கொஞ்சமாக் குடுத்து, கூடவே இம்யூனோதெரபியும் சேத்துப் போடுதாங்க. ஒங்க காலத்துல இதெல்லாம் கிடையாதுல்லா?"

"ஏளா, எங்க காலத்துல நாங்க என்ன நோயாளிக்கு விபூதி பூசிக்கிட்டா இருந்தோம்?" என்றேன்.

அவள் சிரித்தாள். ஆனால் நம்பவில்லை என்பது சிரிப்பிலேயே தெரிந்தது. தான் வேலைக்குச் சேர்ந்த நாளில்தான் மருத்துவம் பிறந்தது என்று எல்லாரும் நினைப்பதுதான். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நர்சுகள் கூட்டத்தில் வந்து அந்தக் காலத்து அனுபவத்தை ஐந்து நிமிடம் பேசுங்கள் என்று கேட்டாள். அப்படிப்பட்ட கூட்டங்களில் சேவை, தியாகம், விளக்கேந்திய அன்னை என்றுதான் பேச வேண்டும். எனக்கு ஞாபகம் வந்ததோ பாகற்காய். அதை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாது. எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரிப்பின் மூலையை எப்படி மடித்துச் செருகுவது என்பதில் முக்கால்வாசிப் படிப்பு போயிற்று. மீதி நேரத்தில், பெரிய டாக்டர் எதிரே வந்தால் எப்படி ஒதுங்கி நிற்பது என்று கற்றுக்கொண்டோம். இரண்டுமே கடைசிவரை உதவின என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்கள். கட்டடத்தின் முகப்பில், பஸ்ஸில் போகிறவர்களும் படிக்கிற அளவுக்கு, 'புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு' என்று பெரிய எழுத்தில் போர்டு மாட்டினார்கள். மாட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது: அந்தப் போர்டின் கீழ் வழியாக ஒருவரும் உள்ளே வர மாட்டேன் என்கிறார்கள். பக்கத்துக் கட்டடத்தில் பல் டாக்டரின் அறை இருந்தது. அதற்குள் நுழைந்து, பின்கதவு வழியாக எங்கள் வராந்தாவுக்கு வந்துவிடலாம். நோயாளிகள் எல்லாரும் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு அந்த வழியாகத்தான் வந்தார்கள். ரோட்டில் நின்று பார்த்தவர்களுக்கு நெல்லைச் சீமையே பல்வலியில் துடிப்பதாகத்தான் தோன்றியிருக்கும்.

எங்கள் டாக்டர் சென்னையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் கோபப்படுவார், அதனால் டாக்டர் என்றே எழுதுகிறேன். பேச்சு மிகக் குறைவு. நோயாளி எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "பார்ப்போம்." ஆனால் அதில் மூன்று தினுசு உண்டு. வேகமாகச் சொன்னால் நல்ல செய்தி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னால், கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. இழுத்து, மெதுவாக, ஜன்னலைப் பார்த்துச் சொன்னால் நாங்கள் போய் சொந்தக்காரர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவோம். பொய் மட்டும் சொல்ல மாட்டார். யாராவது பொய் சொல்லச் சொன்னால் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இன்னொரு பழக்கம், எடை பார்ப்பது. அந்த வேலையை வேறு யாரிடமும் விட மாட்டார். செருப்பு, சாவிக்கொத்து, மடியில் முடிந்திருக்கிற சில்லறை எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்லி, நோயாளியைத் தராசில் ஏற்றி, தானே குனிந்து முள்ளைப் பார்ப்பார். எக்ஸ்ரே கூடச் சில சமயம் ஏமாற்றும், தராசு ஏமாற்றாது என்பது அவர் கட்சி.

அவர் கொண்டுவந்த வைத்தியம்தான் பாத்திமா சொன்ன புது வைத்தியத்தின் தாத்தா. எல்லாருக்கும் கிடையாது, நோய் பரவிவிட்ட சிலருக்கு மட்டும். கீமோ மருந்தைக் குறைந்த அளவில் டிரிப்பில் ஏற்றுவோம். கூடவே வாரத்தில் சில நாள் தோலுக்கடியில் இன்டர்ஃபெரான் என்ற ஊசி. அது ஐஸ் நிரப்பிய பெட்டியில் சென்னையிலிருந்து ரயிலில் வரும். வந்ததும் ஓடிப்போய் வாங்கி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். குப்பியைக் குலுக்கக் கூடாது. உள்ளங்கையில் வைத்துப் பையத்தான் உருட்ட வேண்டும். அந்த ஃபிரிட்ஜில் வேறு எதையும் வைக்கக் கூடாதென்பது சட்டம். ஒருநாள் ஒரு நர்ஸ் பிச்சிப்பூப் பந்தை உள்ளே வைத்துவிட்டாள். டாக்டர் பூவை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது எந்த நோயாளிக்கு? எத்தனை மில்லி?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவள் பூ வைப்பதையே கொஞ்ச நாள் விட்டுவிட்டாள்.

ஊசிக்கு முன்னால் காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிடுவோம். அப்படியும் சில மணி நேரம் கழித்து உதறல் வரும். கட்டில் ஆடுகிற உதறல். சித்திரை வெயிலில் திருநெல்வேலியில் கம்பளி கேட்டவர்கள் எங்கள் வார்டில் மட்டும்தான் இருந்திருப்பார்கள். பயந்து ஓடிவரும் சொந்தக்காரர்களுக்கு டாக்டர் ஒரே விளக்கத்தைத்தான் எப்போதும் சொல்வார்: "உடம்புக்குள்ள போலீஸ் இருக்கு. திருடன் ரொம்ப நாளா தெருவுல நடமாடினதால, நம்ம தெருக்காரன்தான்னு கண்டுக்காம தூங்குது. இந்த டிரிப் திருடனைக் கொஞ்சம் தடுக்கும். இந்த ஊசி போலீசை எழுப்பும்."

"போலீசை எழுப்பிட்டா அது மொதல்ல வீட்டுக்காரனைல்லா போட்டு மிதிக்கும்?" என்று ஒருவர் கேட்டார்.

"அதுதான் இந்தக் காய்ச்சல்" என்றார் டாக்டர்.

மருந்து குறைந்த அளவில் போவதால் பெரும்பாலும் முடி கொட்டாது, ஓயாத வாந்தியும் இருக்காது. இதை நல்ல செய்தி என்று நாங்கள் நினைத்தோம். ஜனங்கள் அப்படி நினைக்கவில்லை. கொற்கைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாழைக்காரர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எங்க தெருவுல ஒருத்தன் மதுரைக்குப் போய் மருந்து ஏத்திட்டு மொட்டையா வந்தான். எனக்கு ஒரு முடி உதிரலியே சிஸ்டர். மருந்துல தண்ணியக் கிண்ணியக் கலக்குதியளா?" என்றார். அவர் முகத்தில் தெரிந்தது உண்மையான வருத்தம்.

முடி கொட்டாது என்பதற்காகவே எங்களைத் தேடி வந்த ஒரே மனிதர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. தச்சநல்லூர்க்காரர், நெற்றி நிறைய திருநீறு. தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் மற்றவர்கள் கொண்டுவரும் சான்றிதழ்களில் பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில். அவர் மனைவி கோமதியம்மாளுக்குச் சிறுநீரகத்தில் கட்டி வந்து, மதுரையில் ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். இப்போது அது நுரையீரலில் புள்ளி புள்ளியாக வந்திருந்தது. டாக்டர் வைத்திய முறையை விளக்கிவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி: "முடி கொட்டாதுல்லா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பெண்சாதி பிழைப்பாளா என்று கேட்காமல் மயிரைப் பற்றிக் கேட்கிற மனிதன் என்று நினைத்தேன். வராந்தாவில் அவரே விஷயத்தைச் சொன்னார். ஒரே மகள் மீனாவுக்கு உள்ளூரிலேயே, வண்ணார்பேட்டையில், மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். பேங்க் உத்தியோகம். தை மாதம் கல்யாணம்.

"தாய்க்கு இந்த நோவுன்னு தெரிஞ்சா மகளுக்கும் வரும்னு சொல்லி நிறுத்திருவாக சிஸ்டர். அப்புறம் ஒருத்தனும் வாசல்படி ஏற மாட்டான். தை வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. கோமதிக்கும் தெரியாது. நான் சொல்லலை."

"அப்ப அவங்ககிட்ட என்னன்னு சொல்லியிருக்கீங்க?"

"சுகர்னு சொல்லியிருக்கேன். எல்லார்ட்டயும் சுகர்னுதான்."

அன்றைக்கு மரியாதைப்பட்ட நோய் என்று ஒன்று உண்டென்றால் அது சுகர்தான். பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர்களுக்கு வருவது, நெய் ஊற்றிச் சாப்பிட்ட குடும்பம் என்று காட்டுவது. மெலிந்தால் சுகர், சோர்ந்தால் சுகர், அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போனால் சுகர். ஒரு வார்த்தையில் எல்லாக் கேள்வியும் அடங்கிவிடும். அண்ணாச்சி யோசித்துத்தான் பொய்யைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

கோமதியம்மாளை முதல் நாள் பல் டாக்டர் அறை வழியாகக் கூட்டிவந்தார்கள். சிறு உருவம், கெட்டியான பின்னல், சிரிப்பு ஒளிந்திருக்கிற கண்கள். டாக்டர் எடை பார்த்துவிட்டுப் போனதும், டிரிப் ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஒங்க பேர் என்ன தாயி?"

"எஸ்தர்."

"எஸ்தர், நான் டவுன்ல இருபது வருசத்துக்கு மேல பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தவ. வாசல்ல இம்மாம் பெரிய போர்டு மாட்டியிருக்கிய. எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நெனச்சு எங்க வீட்டுக்காரக பல் டாக்டர் ரூம் வழியா சுத்திக் கூட்டிட்டு வாராக." சிரித்துக்கொண்டே சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்குத் தெரியும்னு அவுகளுக்குச் சொல்லிராதிய. பாவம், பழக்கமில்லாத மனுசன், கஷ்டப்பட்டுப் பொய் சொல்லுதாக. எனக்கு ஒண்ணுதான். மீனா கழுத்துல தாலி ஏறும்போது நான் என் கால்ல நிக்கணும். நாற்காலில ஒக்காத்தி வைக்கப்படாது. அதுக்கு ஆனதைச் செய்யுங்க."

இப்படியாக, கணவர் மனைவியிடம் மறைப்பதை நான் மனைவிக்காகக் கணவரிடம் மறைத்தேன். நர்சிங் படிப்பில் இதற்கெல்லாம் பாடம் கிடையாது.

ஆரம்பம் நன்றாகத்தான் போயிற்று. உதறல் வந்தது, கம்பளி போர்த்தினோம், உதறல் போயிற்று. அடுத்த எக்ஸ்ரேயில் புள்ளிகள் பெருக்கவில்லை. டாக்டர் வேகமாக ஒரு "பார்ப்போம்" சொன்னார். நான் சந்தோஷப்பட்டேன். பிறகு எடை இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை தராசில் ஏறும்போதும் முள் கொஞ்சம் பின்னால் நின்றது. டாக்டர் தராசையே சந்தேகப்பட்டு, தான் ஏறிப் பார்த்து, என்னை ஏற்றிப் பார்த்து (என் எடை கூடியிருந்தது, அதைச் சத்தமாகவும் சொன்னார்), மறுபடி கோமதியம்மாளை ஏற்றினார். முள் அங்கேதான் நின்றது.

அறைக்குள் போய் எக்ஸ்ரேக்களை வெளிச்சத்தில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். "படத்துல நோய் வளரலை. ஆனா உடம்பு கரையுது. மருந்து பசியைக் கொல்லுதுன்னா மருந்தை நிறுத்தணும். நோய்தான் உள்ளுக்குள்ள தின்னுதுன்னா மருந்து கேக்கலைன்னு அர்த்தம், அப்பவும் நிறுத்தணும்" என்றார். ஜன்னலைப் பார்த்தார். "அடுத்த வாரம் பார்ப்போம்." அது மூன்றாவது தினுசு.

நிறுத்தினால் கையில் வேறு எதுவும் இல்லை. தை மாதம் வரை அந்த அம்மாள் நிற்பார் என்று சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை. நான் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். "சாப்பாடு எறங்குதா இல்லியாம்மா? உண்மையைச் சொல்லுங்க" என்றேன்.

"சாப்பாடு குடுத்தால்லா எறங்குததும் எறங்காததும் தெரியும்?" என்றார்.

விஷயம் அப்போதுதான் வெளிவந்தது. சம்பந்தியம்மாள், அதாவது மாப்பிள்ளையின் தாயார் பிச்சம்மாள், உண்மையிலேயே சுகர்க்காரி. பதினைந்து வருஷ அனுபவம். மதினி முறையாகப்போகிற கோமதியம்மாளுக்கும் சுகர் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு வந்த பாசத்துக்கு அளவே இல்லை. தினமும் காலையில் வண்ணார்பேட்டையில் பஸ் ஏறி, தூக்குவாளியில் பாகற்காய்ச் சாறோடு தச்சநல்லூரில் வந்து இறங்கிவிடுவார். வெறும் வயிற்றில் அதைக் குடிக்க வைப்பார். பிறகு வெந்தயத் தண்ணீர். மத்தியானம் கைப்பிடியளவு கேப்பைக்களி, கீரை. சோறு கூடாது, பழம் கூடாது, பால் கூடாது, கருப்பட்டியின் வாசம்கூடக் கூடாது. வீட்டு அடுக்களையில் இருந்த ஏத்தம்பழ வாழைக்குலையைத் தானே தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். கோமதியம்மாள் ஒருமுறை ஆசைப்பட்டு ஒரு முந்திரிக்கொத்துப் பலகாரத்தைக் கையில் எடுத்தபோது, ஓடிவந்து பிடுங்கி, "நான் இருக்கேன் மதினி, ஒங்களைச் சாக விட மாட்டேன்" என்று கண் கலங்கினாராம்.

"நீங்க எதுக்குக் குடிச்சீங்க?" என்று கத்திவிட்டேன்.

"எப்படி வேண்டாம்னு சொல்ல? சுகர் இல்லைன்னா பின்ன என்னன்னு கேப்பாகல்லா? அதோட, அவ்வளவு ஆசையா கொண்டுட்டு வாராக. எங்க பிள்ளைக்கு வாய்க்கப்போற மாமியார் இப்படிப்பட்டவன்னு பாக்கையில எனக்கு மனசு நெறஞ்சு போகுது. வயிறுதான் நெறைய மாட்டேங்கு."

முத்திப்போன புற்றுநோயோடு மல்லுக்கு நிற்க, ரயிலில் ஐஸ் பெட்டியில் மருந்து வரவழைத்து, போலீசை எழுப்பி, திருடனைத் தடுத்து எல்லாம் செய்துகொண்டிருந்தோம். எங்களைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது ஒரு தூக்குவாளி.

டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அவங்களுக்கு யார் சாப்பாடு குடுக்கறாங்களோ அவங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி நன்றாக மாட்டிக்கொண்டார். கூட்டிவராவிட்டால் ஊசி நிற்கும், கூட்டிவந்தால் கல்யாணம் நிற்கும். கடைசியில் டாக்டரிடமே போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஐயா, ஒரு பத்து நிமிசம் மட்டும் நீங்க சுகர் டாக்டரா இருக்கணும்" என்றார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பார்ப்போம்" என்றார்.

பிச்சம்மாளை அண்ணாச்சி பல் டாக்டர் அறை வழியாகவே கூட்டிவந்தார். நல்ல உயரம், மூக்குத்தி, கையில் தூக்குவாளி. உள்ளே வந்ததும் டாக்டருக்குப் பேச இடமே கொடுக்கவில்லை.

"ஒங்களைப் பாக்கணும்னுதான் நானும் நெனச்சுட்டு இருந்தேன் டாக்டர். மதினியை நான் சரியான பத்தியத்துல வச்சிருக்கேன். ஒரு பொட்டு இனிப்பு நாக்குல படலை. பாருங்க, ஒடம்பு எப்படிக் கொறஞ்சிருக்கு!"

டாக்டர் கோமதியம்மாளைத் தராசில் நிறுத்தினார். முள்ளைக் காட்டினார். "இந்த முள் இனிமே ஒரு கோடு எறங்கினாலும் இவங்களுக்குப் போடற ஊசியை நிறுத்திருவேன். கசப்பு வேண்டாம். பால், நெய், பருப்பு, பழம், கருப்பட்டி, என்ன கேக்கறாங்களோ அது. எவ்வளவு கேக்கறாங்களோ அவ்வளவு."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அண்ணாச்சி பலமாக இருமினார்.

பிச்சம்மாள் டாக்டரைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். "அது என்ன ஊசி டாக்டர், இன்சுலினா?"

"இல்லை" என்றார் டாக்டர். அவ்வளவுதான். மேற்கொண்டு கேள்வி வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை. அந்த அம்மாள் தூக்குவாளியை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

வழிகாட்டுவதற்காக நான் கூடப் போனேன். அண்ணாச்சி முன்னால் ஓடிப் பல் டாக்டரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பிச்சம்மாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "இங்கன நேரா வாசல் இருக்கே அண்ணாச்சி. நான் இப்படியே போய் பஸ்ஸைப் பிடிச்சுக்கிடுதேன்" என்று முன்வாசலுக்கு நடந்தார். படியில் இறங்கி, ரோட்டோரம் போய், திரும்பி நின்று அண்ணாந்து பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். பெரிய எழுத்துதான், படிக்க அதிக நேரம் ஆகாது. அவர் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு தூக்குவாளியைத் திறந்து, பச்சையாக இருந்த அத்தனை சாற்றையும் சாக்கடையில் கொட்டினார்.

"சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கேன்" என்றார். குரல் வேறு ஆளுடையது மாதிரி இருந்தது. "கல்யாணத்தைத் தைக்கு வச்சிருக்கோம். தைக்கே வைக்கலாமா? முன்னாடி வைக்கலாமா?"

நோயாளியின் விஷயத்தை வெளியாளிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. நான் சொல்லவில்லை. "எனக்கு முகூர்த்தம் பாக்கதெல்லாம் தெரியாதும்மா. ஆனா எங்க வீடுகள்ல பேசி முடிச்சா ரொம்ப நாள் தள்ளிப்போட மாட்டோம்" என்றேன். எங்கள் வீடுகளில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. என் அக்காவுக்குப் பேசி முடித்து இரண்டு வருஷம் இழுத்தது.

அடுத்த வாரம் சங்கரலிங்கம் அண்ணாச்சி வாயெல்லாம் பல்லாக வந்தார். "சிஸ்டர், சங்கதி தெரியுமா? மாப்பிள்ளை வீட்டுல கல்யாணத்தைக் கார்த்திகைக்கு மாத்தச் சொல்லிட்டாக! தையில மாப்பிள்ளைக்குக் கிரகம் சரியில்லைன்னு ஜோசியர் சொல்லிட்டாராம். எங்க மீனா மேல அவுகளுக்கு அவ்வளவு ஆசை. டாக்டர் அன்னைக்கு என்னமாச் சமாளிச்சாக! ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலை" என்றார். ஜோசியர் விஷயம் கச்சிதமான பொய். தாலுகா ஆபீஸ் கண்ணுக்கே தப்பிவிட்டது.

அன்று முதல் தூக்குவாளியில் பாசிப்பருப்புப் பாயசம் வந்தது. நெய்யில் வதக்கிய ஏத்தம்பழம் வந்தது. அல்வா என்று எழுதினால் வெளியூர்க்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் கோமதியம்மாள் கேட்டது முந்திரிக்கொத்து, அது டப்பா டப்பாவாக வந்தது. பாகற்காய் கொடுத்த அதே பிடிவாதத்தோடு இப்போது இனிப்பு. பக்கத்தில் உட்கார்ந்து தின்ன வைத்துவிட்டுத்தான் பிச்சம்மாள் எழுந்திருப்பாராம். ஆசைக்கு ஒரு துண்டுகூடத் தன் வாயில் போட முடியாத சுகர்க்காரி அவர். ஊசியின் தயவில் கோமதியம்மாளுக்குப் பசி பாதிதான். ஆனாலும் முள் நின்றது. பிறகு மெதுவாக ஏறவும் செய்தது. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, வேகமாக, "பார்ப்போம்" என்றார். கல்யாணத்தன்று உதறல் வராமல் இருக்க, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அந்த வார ஊசிகளைத் தானே மாற்றி வைத்தார்.

கார்த்திகை மழையில் கல்யாணம். மண்டப வாசலில் கணுக்கால் தண்ணீர். நனைந்த பட்டுப்புடவைகளோடு வந்தவர்கள் எல்லாரும் அந்த ஜோசியரைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். கோமதியம்மாள் நின்றுகொண்டிருந்தார். யாரும் பிடிக்கவில்லை, நாற்காலி இல்லை. பின்னல் கெட்டியாக, அதில் பிச்சிப்பூ. தாலி ஏறியபோது கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துத் தலையை ஆட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணத்தில் அழுதால் யாரும் காரணம் கேட்பதில்லை, அது ஒரு வசதி.

பந்தியில் நான் அவருக்கு எதிர் இலை. பாயசம் வந்தது. மருமகள் முறையில் ஒரு பெண் ஓடிவந்து, "அத்தைக்கு வைக்காதிய, அவுகளுக்குச் சுகர்லா!" என்று கையை நீட்டித் தடுத்தாள். பிச்சம்மாள் பின்னாலிருந்து வந்து அவளை விலக்கி, வாளியை வாங்கி, தன் கையாலேயே இரண்டு கரண்டி ஊற்றினார்.

கோமதியம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "என்ன மதினி, கசப்பு குடுத்ததுக்கெல்லாம் ஈடு கட்டுதியளா?"

"ஆமா மதினி" என்றார் பிச்சம்மாள். "தெரியாமக் குடுத்துட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோமதியம்மாள் இலையில் குனிந்து, ஒரு சொட்டு விடாமல் வழித்துச் சாப்பிட்டார். அவர்கள் அதைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தையாவது பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. பேசியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் புள்ளிகள் ஏறக்குறைய இரண்டு வருஷம் சும்மா இருந்தன. பேரன் பிறந்தான். பாட்டி அவனுக்கு அகரம் சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு அவன் வளர்வதற்குள் புள்ளிகள் எழுந்துகொண்டன. இம்முறை எந்த ஊசிக்கும் எந்தப் போலீசும் எழவில்லை. பாத்திமாவும் போனில் இதைத்தான் கேட்டாள்: அந்த வைத்தியம் கேட்டதா, இல்லையா? பிற்காலத்தில் நானும் டாக்டரிடம் கேட்டேன். "ஊசி கேட்டதா, டிரிப் கேட்டதா, அந்தம்மாவுக்கு வந்த நோயே மெதுவா நடக்கற ஜாதியா, எனக்குத் தெரியாது. அதே மருந்தை எத்தனையோ பேருக்குப் போட்டோம், எடை இருந்தும் போயிட்டாங்க. பாயசம் கேட்டது. அது மட்டும் தராசுல தெரிஞ்சது" என்றார். இப்போது வருகிற மருந்துகள் வேறு, இன்னும் விவரமானவை என்கிறாள் பாத்திமா. நல்லது. நோயாளிக்கு வீட்டில் யார் என்ன கொடுக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள் என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தச்சநல்லூர் போயிருந்தேன். கூடத்தில் கோமதியம்மாள் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்திருந்தார்கள். பிச்சம்மாள் தான் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து, முந்திரிக்கொத்தை எடுத்து இலையில் குவித்தார். துஷ்டி கேட்க வந்திருந்த ஒரு வயதான அம்மாள் மோவாயில் கையை வைத்தார். "ஏ பிச்சு, சுகர்ல போனவளுக்கு இனிப்பையா அள்ளி வைக்கே?"

சங்கரலிங்கம் அண்ணாச்சி முகம் வெளுத்து என்னைப் பார்த்தார்.

"ஆமா சித்தி, பாழாப்போன சுகர்தான் கொண்டுட்டுப் போயிட்டு" என்றார் பிச்சம்மாள், கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "இருக்கிறப்ப வாயைக் கட்டிப் போட்டேன். இனிமே என்ன பத்தியம்?" இன்னும் இரண்டை எடுத்து வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனார்.

அண்ணாச்சிக்கு மூச்சு வந்தது. என் பக்கமாகச் சாய்ந்து, மெதுவாகச் சொன்னார். "பாத்தியளா சிஸ்டர். கடைசி வரைக்கும் அவளுக்கும் தெரியாது, சம்பந்தி வீட்டுக்கும் தெரியாது. எப்படியோ காப்பாத்திட்டேன்."

"ஆமா அண்ணாச்சி" என்றேன். "ஒருத்தருக்கும் தெரியாது."